குறிஞ்சா இலை: இனிப்பாசையை அடக்கச் சந்தையில் கிடைக்கும் ஒரு கீரை பற்றிய மதிப்பீடு

மாப்பொருளைக் குறைத்து உண்ணும் முறைக்கு மாறியவர்களிடம் கேட்டால், சோற்றைக் குறைத்ததும் பாணை நிறுத்தியதும் சில நாள்களில் பழகிவிட்டன என்றே பெரும்பாலானோர் சொல்வார்கள். பழகாமல் நிற்பது பின்னேரம் நான்கு மணியளவில் எழும் இனிப்பாசைதான். யாழ்ப்பாணத்து வீடுகளில் அந்த நேரத்தில் தேநீர் வைப்பது வழக்கம்; தேநீரோடு பயத்தம் பணியாரமோ எள்ளுருண்டையோ வரும், அவை இல்லாத வீட்டில் ஒரு துண்டுப் பனங்கட்டியாவது வரும், வேண்டாமென்று மறுத்தால் கொண்டுவந்தவரின் முகம் வாடும். இந்த ஆசையைச் சமாளிப்பதற்கென்று சீனிக்குப் பதிலாக இடும் ஸ்டீவியாத் துளி, சுக்கிரலோஸ் பொதி, சீனியற்றது என்று எழுதப்பட்ட பிஸ்கற், குறிஞ்சாத் தேநீர்ப் பைகள், குறிஞ்சாக் குளிசை எனப் பலவகைப் பொருள்கள் நகரத்து மருந்தகங்களிலும் பல்பொருள் அங்காடிகளிலும் விற்கப்படுகின்றன. அவற்றுள் பலவற்றைப் பயன்படுத்திப் பார்த்த பின்னர், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கீரைக் கட்டுகளுக்கு நடுவே மலிவாக விற்கப்படும் பச்சைக் குறிஞ்சா இலைக்கு நிகராக அந்த நான்கு மணி ஆசையை அடக்குவது வேறொன்றும் இல்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆயினும் அதனால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு வாங்குவதே நல்லது.

முதலில் அது வாயில் என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறேன். முற்றிய இலைகள் இரண்டை எடுத்துக் கழுவி, காம்பைக் கிள்ளிவிட்டு, முன்பற்களால் மெதுவாக மென்று, ஊறும் சாற்றை நாக்கு முழுவதும் படும்படி ஒரு நிமிடம் வரை வாயிலேயே வைத்திருக்க வேண்டும். கைப்பு இருக்கும், ஆனால் பாகற்காயின் கைப்பைப் போலத் தொண்டையில் தங்காது. சக்கையை விழுங்கலாம், துப்பலாம். அதன்பின் வாயை ஒருமுறை தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். அப்போது ஒரு சிட்டிகைச் சீனியை நாக்கில் வைத்தால், அதன் மணிமணியான உருவம் மட்டும் தெரியும், இனிப்பு அறவே தெரியாது. சீனி போட்ட தேநீரில் சாயத்தின் துவர்ப்பு மட்டுமே மிஞ்சும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் மணமுள்ள புளிப்பாக மாறிவிடும். பனங்கட்டியில் நடப்பதுதான் என்னை அதிகம் வியக்க வைத்தது. இனிப்பு விலகியதும், கருப்பநீரைக் காய்ச்சிய அடுப்பின் புகைமணமும், பாளையிலிருந்து வடியும் நீர் புளிக்காதிருக்க முட்டியில் பூசிய சுண்ணாம்பின் சாயலும், அடியில் ஓர் உவர்ப்பும் ஒவ்வொன்றாகத் துலங்குகின்றன. இவ்வளவும் ஒரு பனங்கட்டித் துண்டுக்குள் இருந்தன என்பதை இனிப்பு இருக்கும்வரை நாக்கு உணர்வதில்லை.

இந்த விளைவு மூடநம்பிக்கையுமல்ல, மனப்பிரமையுமல்ல. குறிஞ்சா, நம் வளவுகளில் வளரும் எருக்கலையின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. தாவரவியலார் அதனை ஜிம்னெமா சில்வெஸ்ட்ரே என்பார்கள். அதன் இலையை மென்ற பின்னர் தேநீரில் இட்ட சீனியின் சுவை தெரியாமற் போனதை எட்ஜ்வர்த் என்னும் தாவரவியலாளர் கவனித்த செய்தி 1847ஆம் ஆண்டிலேயே பதிவாகிவிட்டது. உதகமண்டலத்தில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் என்னும் வேதியியலாளர் இலையை ஆராய்ந்து, அந்தச் செயலுக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து, 1887இல் அதற்கு ஜிம்னெமிக் அமிலம் என்று பெயரிட்டார். அது தனியொரு பொருளன்று, ஒத்த அமைப்புடைய பல சேர்மங்களின் தொகுதி என்பது பின்னர் தெளிவாயிற்று. நாக்கின் சுவைமொட்டுகளில் இனிப்பை உணரும் ஏற்பி ஒன்று உண்டு. இரண்டு புரதங்கள் இணைந்து அமைந்த அந்த ஏற்பியின் ஒரு பகுதியோடு இச்சேர்மங்கள் பிணைந்துகொள்வதால், இனிப்புப் பொருள் வாய்க்குள் வந்தாலும் ஏற்பி அதனை மூளைக்கு அறிவிப்பதில்லை. உப்பும் புளிப்பும் வேறு வழிகளால் உணரப்படுவதால் அவை மாறாமல் இருக்கின்றன. மனிதருக்கும் சிம்பன்சிக்கும் இந்த விளைவு ஏற்படுகிறது. ஆனால் எலிகளின் ஏற்பி சற்று வேறுபட்டிருப்பதால் அவற்றில் இது பெரிதாக நிகழ்வதில்லை.

ஆசையை அடக்குவதற்கு இது ஏன் பயன்படுகிறது என்பதற்கு என் அனுபவத்தோடு ஆய்வும் ஒத்துப்போகிறது. ஜிம்னெமிக் அமிலம் சேர்ந்த மிட்டாயைச் சப்பியவர்கள், அது சேராத மிட்டாயைச் சப்பியவர்களைவிட அடுத்து வந்த இனிப்பைக் குறைவாகவே உண்டார்கள் என்பதை 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இனிப்பாசை பெரும்பாலும் முதல் வாயில்தான் பெருகுகிறது. ஒரு பயத்தம் பணியாரத்தைக் கடித்தவருக்கு இரண்டாவதை மறுப்பது முதலாவதை மறுப்பதைவிடக் கடினம். இலையை மென்றவருக்கு அந்த முதல் வாய் எந்த இன்பத்தையும் தருவதில்லை என்பதால், கை தானாகவே பின்வாங்குகிறது. ஆகவே தேநீர் வருவதற்கு முன்பு இலையை மெல்ல வேண்டும். பணியாரத்தைக் கடித்துவிட்டு மெல்லுவதில் அரைப் பயன்கூட இல்லை.

இனிச் சந்தைக்கு வருகிறேன். திருநெல்வேலிச் சந்தையில் முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை ஆகியவற்றோடு குறிஞ்சாவையும் கட்டாக அடுக்கி வைத்திருக்கும் பெண் வியாபாரிகள் இருக்கிறார்கள். நான் வழக்கமாக வாங்கும் ஆச்சியிடம் குறிஞ்சா கேட்டால், அவர் உடனே எடுத்துத் தருவதில்லை. “பிள்ளை, வறைக்கோ, சப்பிறதுக்கோ?” என்று கேட்பார். வறைக்கு, அதாவது தேங்காய்ப்பூச் சேர்த்துச் சமைக்கும் கறிக்கு, என்றால் பெரிய இலைகள் நிறைந்த கட்டை நீட்டுவார். சப்புவதற்கு என்றால், “அப்பிடியெண்டா இதைக் கொண்டு போங்கோ, இது வேலியிலை படர்ந்தது, கைப்புக் கூட” என்று சொல்லி, சிறிய இலைகள் கொண்ட வேறொரு கட்டைத் தேடி எடுப்பார். இந்தக் கேள்விக்குள் வாங்குகின்றவர் அறியவேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு: குறிஞ்சா என்ற பெயரில் சந்தையில் ஒன்றுக்கு மேற்பட்ட கொடிகளின் இலைகள் விற்கப்படுகின்றன. எல்லாமே நல்ல கீரைகள்தாம். ஆனால் எல்லாமே நாக்கின் இனிப்பை அடைப்பதில்லை. வேண்டியது சிறுகுறிஞ்சா. அதன் இலை சிறியது, எதிரெதிராக அமைந்தது, நரம்புகளின் மேல் விரலை ஓட்டினால் மெல்லிய மயிர் தட்டுப்படும். பார்த்து அறிய முடியாதவர்கள் விற்பவரின் அனுமதியோடு ஓர் இலையை மென்று, கையோடு கொண்டுபோன சிறு பனங்கட்டித் துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கலாம். இனிப்புத் தெரிந்தால் அது வறைக்குரிய கட்டு.

இலையின் தரம் கட்டுக்குக் கட்டு மாறுவதை இதன் பெரிய குறையாகக் கொள்கிறேன். என் அனுபவத்தில் கொழுந்து இலையில் வேகம் குறைவு, முற்றிய இலையில் கூடுதல். நல்ல மழைக்குப் பின் தளதளவென்று வந்த கட்டுகளைவிட, பங்குனி, சித்திரை வெயிலில் கிடைத்த காய்ந்த தோற்றமுள்ள கட்டுகளின் இலைகளே என் நாக்கில் நீண்டநேரம் வேலை செய்தன. பொதுவாக இந்த விளைவு அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நிற்கும். தேநீர் வேளையைக் கடப்பதற்கு அது போதும். ஒரு கலியாண வீட்டைக் கடப்பதற்குப் போதாது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயில் வீதியில் ஐஸ்கிறீம் கடைகளைத் தாண்டிப் போகும் நாள்களில், நான்கு இலைகளை ஈரத்துணியில் மடித்துச் சட்டைப்பையில் எடுத்துச் செல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது.

மெல்லும் நேரத்தைத் தவறாகத் தெரிவு செய்தால் உணவின் சுவையும் கெட்டுவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இனிப்பு என்று நாம் தனியாக எண்ணாத இடங்களிலெல்லாம் அது ஒளிந்திருக்கிறது. வதங்கிய வெங்காயம், தேங்காய்ப்பால், இறால், நண்டு ஆகிய எல்லாவற்றிலும் ஓர் இளம் இனிப்பு உண்டு. அது விலகினால் நண்டுக்கறி வெறும் உறைப்பும் உப்புமாகிவிடும். மாப்பொருளைக் குறைத்தவருக்கு எஞ்சியிருக்கும் நல்ல உணவின் இன்பத்தையும் இலை பறித்துவிடக் கூடாது. ஆகவே மதிய உணவுக்கு முன்னரோ இரவு உணவுக்கு முன்னரோ அதனை மெல்லாமல், உணவுகளுக்கு இடைப்பட்ட நேரத்துக்கே வைத்துக்கொள்வது நல்லது. இனிப்பை நாக்கு உணராததால் உடலும் அதனை ஏற்பதில்லை என்று எவரும் நினைத்துவிடவும் கூடாது. இலையை மென்றுவிட்டு உண்ட பனங்கட்டியும் முழுமையாகச் சமித்து இரத்தத்தில் சேரவே செய்யும்.

அடுத்து, இதே கொடியிலிருந்து செய்யப்பட்டுப் பெட்டிகளில் வரும் பொருள்கள். குறிஞ்சாத் தேநீர்ப் பைகளை அங்காடியில் எளிதில் வாங்கலாம். சூடான நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்துக் குடித்தால் மெல்லிய கைப்பும் உலர்ந்த வைக்கோல் மணமும் உள்ள பானம் கிடைக்கிறது. குடித்து முடித்தபின் சீனியின் சுவை ஓரளவு மங்குகிறதே தவிர மறைவதில்லை, மங்கலும் சிறிது நேரத்தில் நீங்கிவிடுகிறது. ஆசையை அடக்கும் கருவியாக அதற்கு நான் குறைந்த மதிப்பெண்ணே தருவேன். சீனி போட்ட தேநீருக்குப் பதிலாகக் கையில் ஒரு சூடான கோப்பை வேண்டும் என்பவருக்கு அது குற்றமில்லாத பானம். நிழலில் உலர்த்தி இடித்த இலைத்தூளைச் சித்த மருந்துக் கடைகளில் விற்கிறார்கள். அரைத் தேக்கரண்டித் தூளை நாக்கில் பரப்பி வைத்தால் பச்சையிலைக்குச் சற்றே குறைந்த அளவில் நன்றாகவே வேலை செய்கிறது. வெளியூர்ப் பயணத்துக்கு அதுவே வசதி. ஆனால் வாயெல்லாம் ஒட்டிக்கொள்ளும், பல்லிடுக்கில் தங்கும், பிறர் முன்னிலையில் பயன்படுத்த ஏற்றதன்று.

குளிசையைப் பற்றிச் சற்று விரிவாக எழுதக் காரணம் உண்டு. அதுவே எல்லாவற்றிலும் விலை கூடியது, இனிப்பாசையை ஒழிக்கும் என்ற வாக்குறுதியோடு விற்கப்படுவதும் அதுவே. கூட்டுக்குள் அடைக்கப்பட்ட தூள் நாக்கைத் தொடாமலே வயிற்றுக்குள் போய்விடுகிறது. நாக்கைத் தொடாத பொருள் நாக்கின் ஏற்பியை அடைக்க வழியில்லை. குளிசையை விழுங்கியபின் பயத்தம் பணியாரம் முன்பிருந்த அதே இனிப்போடுதான் இருந்தது. இரத்தச் சீனியைக் குறைப்பதற்காக அதனை எடுப்பது வேறு விடயம். சென்னையில் நிகழ்ந்து 1990இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவுக்கு ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்த 22 பேருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் குறிஞ்சாச் சாரம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் கொடுக்கப்பட்டபோது இரத்தச் சீனி குறைந்தது. ஆனால் 22 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதனை வைத்துக்கொண்டு வைத்தியர் தந்த மருந்தைக் கைவிடும்படி எவரும் எவருக்கும் சொல்லக்கூடாது. நான் வாங்கிய ஒரு பெட்டியின் மேல் நீரிழிவை முற்றாகக் குணமாக்கும் என்ற பொருளில் அச்சிடப்பட்டிருந்தது. நீரிழிவு வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில் அப்படி அச்சிடுவது பொறுப்பற்ற செயல். அந்த வரியைக் கண்டால் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

சீனிக்குப் பதிலான இனிப்பூட்டிகளோடு இலையை ஒப்பிடாமல் இந்த மதிப்பீடு நிறைவடையாது. சுக்கிரலோஸ் 1976இல் லண்டனில் கண்டறியப்பட்டது. சீனியைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பானது. ஸ்டீவியா, தென்னமெரிக்காவின் பரகுவே பகுதியைச் சேர்ந்த செடியின் இலையிலிருந்து எடுக்கப்படுவது. தூய்மையாக்கிய சாரம் 200 முதல் 300 மடங்கு இனிப்பானது. இவற்றின் துளி வடிவம் மாப்பொருள் கணக்கைக் குலைப்பதில்லை. பொதியில் வரும் தூளில், கரண்டியால் அள்ளத்தக்க அளவு வேண்டும் என்பதற்காக டெக்ஸ்ட்ரோஸ் அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்க்கப்படுவது வழக்கம். அவை மாப்பொருள்களே, ஒரு பொதியில் ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கும். சீனியற்ற பிஸ்கற்றிலும் சொக்கலேற்றிலும் பெரும்பாலும் மால்டிடோல் என்னும் இனிப்பூட்டி சேர்கிறது. சீனியின் சக்தியில் பாதிக்குச் சற்று மேலான சக்தி அதில் உண்டு, இரத்தச் சீனியையும் ஓரளவு உயர்த்தும், கூட உண்டால் வயிற்றைக் கலக்கும். அதைவிட, பிஸ்கற் என்றால் அதில் கோதுமை மா இருக்கும். சீனியை நீக்கினாலும் மா நீங்குவதில்லை. எரித்திரிட்டோல் என்னும் இனிப்பூட்டி இரத்தச் சீனியை உயர்த்தாது, கேக் செய்வோருக்குப் பிடித்தது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு கூடியிருந்தோருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக ஏற்பட்டதை 2023இல் ஓர் அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. அது தொடர்பை மட்டுமே காட்டியது, காரணத்தை நிறுவவில்லை. இருப்பினும் நாள்தோறும் கரண்டி கரண்டியாக உண்ண நான் துணியமாட்டேன்.

அதே ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சீனியற்ற இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் அதிலேயே சொன்னது. இனிப்பூட்டிகளை நஞ்சென்று ஒதுக்குவது என் நோக்கமன்று. தேநீரில் சீனியை நிறுத்தும் முதல் வாரங்களில் ஸ்டீவியாத் துளி பலருக்குக் கைகொடுக்கிறது. ஆனால் இனிப்பூட்டி நாக்குக்கு நாள்தோறும் இனிப்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, குறிஞ்சா அதனை நிறுத்திப் பழக்குகிறது. என்னளவில், இனிப்பூட்டியைப் பயன்படுத்திய காலத்தில் நான்கு மணி ஆசை அளவு மாறாமல் இருந்தது. இலையை மென்ற காலத்தில் அது படிப்படியாகத் தளர்ந்து, இப்போது இலையில்லாமலே கடந்துபோகும் பின்னேரங்கள் பல உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த எண்ணுபவர்களுக்கு ஒரு குறிப்பு: குறிஞ்சா இந்த இனிப்பூட்டிகளின் சுவையையும் சேர்த்தே அடைத்துவிடும்.

பனங்கட்டியைப் பற்றி நம்மவரிடையே வேரூன்றிய ஓர் எண்ணத்தையும் இங்கே தொட வேண்டியிருக்கிறது. பனங்கட்டி இயற்கையானது, ஆகவே சீனி வருத்தக்காரரும் உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவரும் உண்ணலாம் என்று பெரியவர்கள் பலர் அன்போடு எடுத்துத் தருகிறார்கள். நானும் பனங்கட்டியை நேசிப்பவன். ஓலைக் குட்டானைப் பிரிக்கும்போது எழும் மணத்துக்கு ஈடில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி வெள்ளைச் சீனியில் உள்ள அதே சுக்குரோசுதான். கனிமங்கள் சிறிதளவு கூடுதலாக இருப்பதால் இரத்தம் அதனை வேறாக நடத்துவதில்லை. தேக்கரண்டி மட்டமாக அள்ளிய சீனி ஏறத்தாழ நான்கு கிராம். தேநீருக்கு இரண்டு கரண்டி வீதம் நாளுக்கு மூன்று தேநீர் குடிப்பவர் அதிலேயே 24 கிராம் உண்டுவிடுகிறார். நாளுக்கு 130 கிராமுக்குக் குறைவாக மாப்பொருள் உண்பதைப் பொதுவாக மாப்பொருள் குறைந்த உணவுமுறை என்பார்கள். கீற்றோ எனப்படும் கடுமையான முறையில் எல்லை 50 கிராம் அளவிலோ அதற்கும் கீழோ இருக்கும். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் இருப்பதை நினைத்தால், சிறு பனங்கட்டித் துண்டுகளுக்கு இந்தக் கணக்கில் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது விளங்கும். குரக்கன் மாவும் இவ்விடயத்தில் பலர் நம்புவதுபோல் இல்லை. நார்ச்சத்து நல்லதுதான், ஆயினும் 100 கிராம் மாவில் 70 கிராமுக்கு மேல் மாப்பொருள் உண்டு.

இலை எந்த ஆசைக்குப் பயன்படாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உண்மையான பசியை அது ஆற்றாது. காலையில் வெறும் தேநீரோடு வேலைக்குப் போய், மதியம் சோற்றைக் குறைத்து, அதன் இடத்தை வேறெதனாலும் நிரப்பாமல் விட்டவருக்கு நான்கு மணிக்கு வருவது பசி. அவருக்குத் தேவைப்படுவது இரண்டு முட்டை, ஒரு துண்டு மீன், கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை. தேங்காயைக் குறைக்க வேண்டியதில்லை. 100 கிராம் தேங்காயில் உள்ள 15 கிராம் மாப்பொருளில் ஒன்பது கிராம் நார்ச்சத்து. இலைக்கு அடங்காத இழுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாப்பொருளைக் குறைத்ததும் இன்சுலின் அளவு தாழ்கிறது, அதனால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. முதல் இரண்டு வாரங்களில் வரும் தலையிடியும் சோர்வும் பெரும்பாலும் இதனாலேயே ஏற்படுகின்றன; இனிப்பு உண்டால் தெளியும் என்று உடல் அதனைத் தவறாகச் சொல்கிறது. அந்த நேரத்தில் உப்புப் புளி சரியாக இட்ட சூடான சொதியோ ரசமோ ஒரு கோப்பை குடித்துப் பார்த்தால், இனிப்பை நோக்கிய இழுப்புப் பல நேரங்களில் அடங்கிவிடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைப் பற்றித் தங்கள் வைத்தியரிடம் கேட்ட பின்னரே இதனைச் செய்ய வேண்டும். நித்திரை குறைந்த மறுநாளும் ஆசை பெருகும். அதற்கும் இலையால் ஆவது சிறிதே.

இலை எல்லோருக்கும் ஏற்றதும் அன்று. நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுபவர்களும் கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசைகளை எடுப்பவர்களும் மாப்பொருளைக் குறைத்தாலே இரத்தச் சீனி அளவுக்கு மீறித் தாழும் ஆபத்து உண்டு. அதனோடு குறிஞ்சாத் தூளையோ குளிசையையோ சேர்த்தால் ஆபத்து மேலும் கூடும். இவர்கள் மருந்தின் அளவைப் பற்றி வைத்தியரோடு பேசாமல் உணவையும் மாற்றக்கூடாது, இதனையும் தொடங்கக்கூடாது. சீனி தாழ்ந்து கை நடுங்கி வியர்க்கும்போது, நாக்கில் இனிப்புத் தெரியாவிட்டாலும் சீனித் தண்ணீரை உடனே குடித்துவிட வேண்டும். சுவை தெரியாதது தடையாகிவிடக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் செறிந்த தூளையும் குளிசையையும் தவிர்ப்பது நல்லது. குறிஞ்சா எடுத்த ஒருவருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் செய்தி உண்டு. அத்தகைய நிகழ்வு அரிது, ஆயினும் அளவுக்கு மீறி நாள் முழுவதும் மெல்ல வேண்டிய பொருளன்று இது. ஒரு பின்னேரத்துக்கு இரண்டு இலை போதும்.

கட்டில் மீந்த இலைகளை வீணாக்க வேண்டியதில்லை. மிக மெல்லியதாக அரிந்து, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்ப்பூவைத் தாராளமாகச் சேர்த்து, இறக்கும்போது தேசிக்காய்ப் புளி விட்டு வறையாக்கினால், கைப்பு ஓரளவு அடங்கிய நல்ல கறி கிடைக்கும். வறையாக உண்ணும்போது நாக்கின் இனிப்பு மறைவதில்லை, சற்றுத் தாழ்வதோடு சரி. ஆகவே அதனை உணவாகவே கொள்ள வேண்டும். இலைக்கஞ்சியிலும் குறிஞ்சா சேரும், ஆனால் கஞ்சியில் அரிசி இருப்பதை மறக்கக்கூடாது.

யாழ்ப்பாணத்து வெயிலில் கட்டு அன்று மாலைக்குள்ளேயே வாடத் தொடங்கிவிடும். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்தால் மூன்று நாள்வரை மெல்லத்தக்கதாக இருக்கும். வாடினாலும் வேகம் குறைவதில்லை, மெல்லுவதற்குத்தான் நார்போல் ஆகிவிடும். திருநெல்வேலியில் எல்லா நாளும் கிடைப்பதில்லை; சுன்னாகச் சந்தையிலும் விசாரிக்கலாம், எங்கானாலும் காலை வேளையில் போவதே உறுதி. வளவும் வேலியும் உள்ளவர்கள் சந்தையையே நம்பியிருக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கும்போது, மென்று பார்த்து உறுதிசெய்த ஒரு கொடியிலிருந்து சற்று முற்றிய தண்டை மூன்று, நான்கு கணுக்களோடு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி கிளுவை வேலியின் அடியில் நட்டு, பனி முடியும்வரை மண் காயாமல் பார்த்துக்கொண்டால் துளிர்க்கும். முதல் ஆண்டில் இலையைப் பறிக்காமல் விட்டுவிடுவது நல்லது; அதன்பின் ஒரே கொடி ஒரு வீட்டின் தேவைக்குத் தாராளம்.